தண்ணி குடிச்சிட்டு வா

நல்லமுத்து சாரிடம் படித்தவர்கள் பினாங்கில் எங்கே போனாலும் ஒருவராவது கண்ணில் படுவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் இருப்பார்கள், வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், ஜெலுத்தோங்கில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் கணக்குப் பாடத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "சார் வகுப்புல எவனாச்சும் தப்பாச் சொல்லி, நாம சிரிச்சிட்டோம்னா போச்சு. தண்ணி குடிச்சிட்டு வான்னு வெளிய அனுப்பிருவாரு" என்பார்கள். நரை விழுந்தவர்களுக்குக்கூட அதைச் சொல்லும்போது நாலாம் ஆண்டுப் பிள்ளையைப்போல முகத்தில் அசடு வழியும்.

அவர் வகுப்பில் இரண்டே சட்டம். ஒன்று இந்தத் தண்ணீர். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளை அப்படியே நிற்கலாம், யோசிக்கலாம், மறுபடியும் தப்பாகச் சொல்லலாம். சிரித்தவன்தான் எழுந்து குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு திரும்பி வர வேண்டும். இன்னொன்று, "புரிஞ்சிச்சா?" என்று அவர் கேட்கவே மாட்டார். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் உண்டு, அந்தப் பதிலை நம்புகிறவன் வாத்தியாராக இருக்க லாயக்கில்லை என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுப்பார். "இப்ப நீ எனக்குச் சொல்லிக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்க" என்று போய் மேசையில் உட்கார்ந்துகொள்வார்.

இவ்வளவு கெட்டிக்கார மனுஷருக்கு அவர் வீட்டிலேயே ஒரு காரியம் கைவிட்டுப் போயிற்று. அவர் மனைவி துளசிக்கு இன்றைக்கு வலது கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. இடது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அந்த இரண்டு சட்டங்களும் எங்கே முளைத்தன என்பதிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நல்லமுத்துவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பையன் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் முதல் மாணவன். அம்மா அதைச் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. ஆறாவது முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோதுதான் வந்தது வினை. அங்கே எல்லாப் பாடமும் மலாயில். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்த பிள்ளைகளை முதலில் ஒரு வருடம் புதுமுக வகுப்பு என்று தனியாக உட்காரவைத்து மலாய் பழக்குவார்கள். எழுபதுகளின் நடுவில் அந்த வகுப்பில் அறுபது பிள்ளைகள் போல நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வாத்தியாரை அங்கே சிகு என்பார்கள். சிகு பாடம் நடத்திவிட்டுத் திரும்பி, "ஃபஹாம்?" என்பார். புரிந்ததா என்று அர்த்தம். "ஃபஹாம், சிகு!" என்று வகுப்பே கத்தும். நல்லமுத்துவும் கத்துவான், கூடவே தலையையும் ஆட்டுவான். நம் ஆட்களுக்கென்றே ஒரு தலையாட்டல் இருக்கிறதே, ஆமாம் என்றும் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம் என்கிற மாதிரி, அந்தத் தலையாட்டல். முதல் மாணவனாக இருந்து பழகியவனுக்குப் புரியவில்லை என்று வாயைத் திறக்க முடியவில்லை. அப்படியே மாதக்கணக்கில் ஆட்டினான்.

ஆட்டுகிறவனுக்கு வேலை எதுவும் இல்லை அல்லவா, மற்றவர்கள் எப்படி ஆட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் தலையாட்டுகிறவனுக்குத்தான் சுத்தமாகப் புரியவில்லை என்று கண்டுபிடித்தான். நிஜமாகப் புரிந்தவன் கொஞ்சம் தாமதித்துத்தான் ஆட்டுவான், ஏனென்றால் அவன் இன்னும் பலகையைப் படித்துக்கொண்டிருப்பான். புரியாதவன் பலகையைப் பார்க்காமல் சிகுவின் முகத்தைப் பார்ப்பான். பென்சிலைக் கடிக்கிறவனுக்குப் பாதி புரிந்திருக்கும், அவனை மட்டும் இன்னொரு தடவை தட்டிவிட்டால் போதும். இதையெல்லாம் அவன் ஒரு படிப்பாக நினைத்துப் படிக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க யாரைப்போல ஆட்டலாம் என்றுதான் பார்த்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காஜா மொய்தீன். அவன் வாப்பாவுக்குச் சிறியதாக ஒரு சோற்றுக் கடை இருந்தது, சட்டையில் எப்போதும் குழம்பு வாசனை அடிக்கும். அவனுக்கு வெட்கம் என்பதே கிடையாது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்லிவிடுவான். முதல் இரண்டு தடவை சிகு திரும்பச் சொன்னார். அறுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் மனுஷருக்குப் பொறுமை எத்தனை நாள் இருக்கும்? ஒருநாள் காஜா கேட்டதையே காஜாவின் குரலில், காஜாவின் உச்சரிப்பில் சொல்லிக் காட்டினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நல்லமுத்துவும் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான், சிரிக்காவிட்டால் இவனுக்கும் புரியவில்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில்.

காஜா எழுந்து, "சிகு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று மலாயில் கேட்டுக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கேட்பான், சிரிப்பார்கள், தண்ணீர் குடிக்கப் போவான்.

ஓய்வு நேரத்தில் அதே குழாயடியில் அவன் நல்லமுத்துவைத்தான் பிடித்துக்கொள்வான். "நீ ஃபஹாம்னு கத்துனியேடா, எனக்கும் சொல்லு" என்பான். மாட்டிக்கொண்டால் மானம் போய்விடும். "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்து, வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டி, பாடப் புத்தகத்தோடு மல்லாடி, மறுநாள் காஜாவுக்குச் சொல்லிக்கொடுப்பான். காஜா சும்மா விடுவானா? "புரியல, வேற மாதிரி சொல்லு" என்பான். வேறு மாதிரி சொல்வான். "இப்பவும் புரியல" என்பான். கடையில் சோறு அளக்கிற கிண்ணத்தை வைத்து, மீன் துண்டை வைத்து, ஐந்து விதமாகச் சொல்லிப் பார்ப்பான் நல்லமுத்து. கடைசியில் காஜாவுக்குப் புரியும்போது நல்லமுத்துவுக்கும் அப்போதுதான் புரிந்திருக்கும். அவன் மலாய் கற்றுக்கொண்டது, கணக்கில் தேறினது, பின்னால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வானது எல்லாம் அந்தக் குழாயடியில் ஆரம்பித்ததுதான்.

இரண்டாம் படிவத்தில் ஒருநாள் காஜா தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பை மட்டும் மேசையில் இருந்தது. சாயங்காலம் நல்லமுத்து அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். காஜா கல்லாவுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "போதும்டா, கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது" என்று சிரித்தான். கேட்டவன் கடைக்குப் போனான், தலையாட்டினவன் வாத்தியாரானான். இந்த அநியாயத்தை நல்லமுத்து இன்றுவரை மறக்கவில்லை. வகுப்பில் நின்ற முதல் நாளே சட்டத்தைத் திருப்பிப் போட்டார், வெளியே போக வேண்டியவன் சிரித்தவன் என்று.

அந்தச் சட்டத்தால் தப்பித்த பிள்ளைகள் ஏராளம். ஷர்மினி என்று ஒரு பெண். எதற்கும் முந்திக்கொண்டு தலையாட்டும் பிள்ளை. பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. சார் அவளைக் கூப்பிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தார். அவள் பலகைக்கு முன்னால் நின்று, சாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அழுதுவிட்டாள். பின் வரிசையில் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். "நீ தண்ணி குடிச்சிட்டு வா" என்றார் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். ஷர்மினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் புரியல சார்" என்றாள். "அப்பாடா! இப்பத்தான் பாடம் ஆரம்பிக்குது" என்று சார் மேசையிலிருந்து குதித்தார். அந்தப் பெண் பின்னால் தாதியாகி, பெரிய அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பள்ளியில் இப்படி. வீட்டில்?

துளசி மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சின்னச் சின்ன கம்பிகளைப் பார்க்கிற வேலை. கூட வேலை செய்தவர்கள் பாதிப் பேர் மலாய்க்காரப் பெண்கள், அவர்களோடு பேசிப் பேசி அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான புதிதில் நல்லமுத்து சார் ஒரு பழைய காடி, கார்தான், வாங்கினார். மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் லைசன்சுக்குப் போகும்போது சுலபமாக இருக்குமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

என்ன காரணமோ தெரியவில்லை, வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் இருக்கிற பொறுமை பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒரு மனைவியிடம் நம் ஆண்களுக்கு இருப்பதில்லை. கிளட்சை விடுகிற நேரத்தில் வண்டி குலுங்கி நின்றது. மறுபடி குலுங்கி நின்றது. "எத்தன தடவ சொல்றது? மெதுவா விடுன்னா மெதுவா விடணும். புரிஞ்சிச்சா இல்லையா?" என்று கத்தினார். துளசி தலையை ஆட்டினார். "புரிஞ்சிச்சுங்க." வண்டி மறுபடியும் நின்றது. அன்றைக்கு வீடு திரும்பியபோது, "எனக்கு எதுக்குங்க காடி, ஃபேக்டரி பஸ் வாசலுக்கே வருது" என்று துளசி சொல்லிவிட்டார். சாரும் அத்தோடு விட்டுவிட்டார். வகுப்பில் வாழ்நாள் முழுக்கக் கேட்காத அந்தக் கேள்வியை வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். கேஸ் அடுப்பு வாங்கினாலும், பாஸ்வேர்டு மாற்றினாலும், புரிஞ்சிச்சா என்று கேட்பார். புரிஞ்சிச்சுங்க என்று பதில் வரும். முப்பது வருடத்துக்கு மேல் இந்த இரண்டு வார்த்தைகளில் குடும்பம் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் காமினி பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகி ஜொகூருக்குப் போனாள்.

துளசி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி தலைவலி, கண் சிவப்பு என்று சொல்ல ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் பெரிய மருத்துவமனையில் காட்டச் சொன்னார். டாக்டர் நூருல் ஹுதா சின்ன வயதுப் பெண், தன்மையாகப் பேசுகிறவர். சோதனைகளை முடித்துவிட்டு மேசையில் இருந்த கண் பொம்மையைத் திறந்துவைத்து, துளசியின் முகத்தைப் பார்த்து, மலாயில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, மக்சிக், என்று. வயதில் மூத்த பெண்ணை மலாயில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

அந்த இடத்தில் சார் குறுக்கே புகுந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தான் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று டாக்டருக்குத் தெரியட்டுமே என்கிற ஆசை, வேறொன்றுமில்லை. டாக்டர் மரியாதையோடு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாமே ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக, பெரிய பெரிய மருத்துவ வார்த்தைகளோடு. சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர் துளசியைப் பார்த்து, "ஃபஹாம், மக்சிக்?" என்றார். துளசி தலையை ஆட்டினார். "டோன்ட் வொரி டாக்டர், நான் வீட்ல சொல்லிக்குவேன்" என்று சார் ஆங்கிலத்தில் உறுதி கொடுத்தார்.

காடியில் ஏறினதும், "டாக்டர் சொன்னது புரிஞ்சிச்சா?" என்றார்.

"புரிஞ்சிச்சுங்க. சொட்டு மருந்து போடணும், ராத்திரில."

"ஆங், அதான்" என்றார் சார்.

ஒரு வாரத்தில் கண் சிவப்பு போயிற்று. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மருந்து பாட்டில் நின்றது. அவ்வப்போது சார் கேட்பார். "மருந்து முடிஞ்சிருச்சா? போய் வாங்கணுமா?" "இன்னும் இருக்குங்க." மருந்தகத்தில் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம் என்று அவருக்கு நிம்மதி. அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரத்தில் காமினிக்குப் பிரசவம். துளசி ஜொகூருக்குப் போய்ப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியம் சமைத்து, மூன்று மாதம் போல இருந்துவிட்டு வந்தார். மருந்து பாட்டில் பினாங்கிலேயே கதவில் நின்றுகொண்டிருந்தது. சார் அதைத் தினமும் பார்த்தார்.

திரும்பி வந்த பிறகு துளசியிடம் சில மாற்றங்கள். வலது கைப்பக்கம் இருந்த சோபாவை விட்டுவிட்டு வேறு பக்கம் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார். காற்றாடிக்காக இருக்கும் என்று சார் நினைத்தார். தேநீரை ஊற்றும்போது குவளைக்கு வெளியே கொஞ்சம் கொட்டியது. வயசாகுதுல்ல என்றார். மீன், காய் வாங்கத் தனியாகப் பசாருக்குப் போவதை நிறுத்திவிட்டார். சோம்பேறித்தனம் வந்திருச்சு என்று கேலி செய்தார். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கழுத்தைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தால் அன்றைக்கே அதன் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணாடி போடச் சொன்ன மனுஷர் இவர்!

இந்தச் சமயத்தில்தான் பட்டர்வொர்த்தில் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கில் பேச அழைத்தார்கள். பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தலைப்பு. சார் புதுமுக வகுப்பைச் சொன்னார், காஜாவைச் சொன்னார், முதலில் தலையாட்டுகிறவனை நம்பாதீர்கள் என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், துளசி முழங்காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்தில், வலது பக்கம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் போய் இடித்துக்கொண்டாராம்.

"அவ்ளோ பெரிய மோட்டார் கண்ணுக்குத் தெரியலையா? பார்த்து வரக்கூடாது?" என்று சார் ஏசினார்.

"பார்த்துத்தாங்க வந்தேன்" என்றார் துளசி.

இந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுவாரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

இந்தத் தடவை டாக்டரைப் பார்க்கும் முன்னால் தாதியின் அறைக்குப் போகச் சொன்னார்கள். உள்ளே ஷர்மினி. "சார்!" என்று எழுந்து நின்றுவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள், துளசியை அம்மா என்றாள், உட்காரவைத்தாள். சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. நம்ம பிள்ளை என்று மனைவியைப் பார்த்தார்.

ஷர்மினி கோப்பைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. மேசையிலிருந்து ஒரு காலி மருந்து பாட்டிலை எடுத்து துளசியின் கையில் கொடுத்தாள்.

"அம்மா, இத வீட்ல எப்படிப் போடுவீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்குங்க."

சாருக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய வார்த்தை, அவருடைய தொனி. அடுத்த நிமிஷம் சிலிர்ப்பு போய்ப் பயம் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் துளசி பாட்டிலைப் பார்க்காமல் ஷர்மினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா... கண்ணு சிவந்துச்சின்னா, தல வலிச்சிச்சின்னா, ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு போடுவேன் மிஸி."

"சரிம்மா. வலிக்காத அன்னைக்கி?"

"வலிக்காத அன்னைக்கி எதுக்குலா மருந்து?" துளசி சிரித்தார். "இது போட்டா கண்ணு எரியுது வேற. நல்லா இருக்கறப்ப எதுக்குன்னு விட்ருவேன். இன்னும் பாதி பாட்டல் இருக்கு."

நோய்க்கு மருந்து என்றால் வலிக்கும்போது போடுவதுதானே. வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருகிற நோய் இது, ஒரு மாதத்துக்கு ஒரு பாட்டில் என்று சாகும்வரை தினமும் போட வேண்டிய மருந்து இது என்று துளசிக்கு யார் சொன்னார்கள்?

"இது தினமும் போடற மருந்தும்மா" என்று ஷர்மினி சொல்லி முடிப்பதற்குள் சார் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "என்ன துளசி இது? தினமும் போடணும்னு தெரியாதா? அன்னைக்கிப் புரிஞ்சிச்சான்னு கேட்டேன்ல? புரிஞ்சிச்சின்னு சொன்னியா இல்லையா? சின்னப்புள்ளயா நீ?"

துளசி தலை குனிந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஷர்மினி துளசியின் முழங்கை மேல் ஒரு கையை வைத்தாள். சாரைப் பார்த்தாள். குரலில் மரியாதை குறையவே இல்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"சார். நீங்க போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவர் வெளியே போனார். நடைபாதை மூலையில் தண்ணீர் இயந்திரம் இருந்தது. காகிதக் குவளையில் பிடித்தார், குடிக்க முடியவில்லை. எத்தனை பிள்ளைகளை இப்படி அனுப்பியிருப்பார்! அனுப்பப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டாக்டர் மலாயில் ஆரம்பித்தது நினைவுக்கு வந்தது. மக்சிக் என்று துளசியின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் பேச ஆரம்பித்ததும், துளசி நாற்காலியில் முன்னால் சாய்ந்து கேட்டதும் நினைவுக்கு வந்தது. அப்படியே விட்டிருந்தால் துளசிக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும். நடுவில் புகுந்து, பேச்சைத் துளசிக்கு எட்டாத பாஷைக்கு இழுத்துக்கொண்டு போனது யார்? அவருக்கு அழுகை வந்தது. வயதான ஆண் அழுதால் எல்லோரும் பார்ப்பார்களே என்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார்.

திரும்பிப் போனபோது அறையில் துளசி சொல்லிக்கொண்டிருந்தார். "தினமும் ராத்திரி. ரெண்டு கண்ணுலயும் ஒரு சொட்டு. வலிச்சாலும் வலிக்காட்டியும். பாட்டல் தொறந்து ஒரு மாசம் ஆனா தூக்கிப் போட்றணும். நிறுத்தவே கூடாது. சரிதானே மிஸி?" சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல முழுதாகச் சொன்னார். சொல்லிக்கொடுத்தால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிற ஆள்தான் அவர்.

டாக்டர் நூருல் ஹுதா சோதித்துவிட்டு மலாயில் சொன்னார். சார் வாயைத் திறக்கவில்லை. வலது கண்ணில் போனது போனதுதான், வராது. இடது கண் இன்னும் நன்றாக இருக்கிறது, மருந்தை விடாமல் போட்டால் காப்பாற்றலாம். துளசி இரண்டு கேள்வி கேட்டார். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்பது ஒன்று. இது காமினிக்கும் வருமா என்பது இன்னொன்று. ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

காடியில் வந்து உட்கார்ந்தார்கள். சார் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. மடியில் புது மருந்தை வைத்துக்கொண்டு துளசி நேரே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரியலன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே துளசி" என்றார். இந்தத் தடவை குரலில் ஏச்சு இல்லை.

"சொன்னா ஏசுவீங்க." மழை வந்தால் நனைவோம் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "அது போவட்டும். நான் ஒண்ணு நெனச்சேன். எனக்குப் புரியாட்டி என்ன, நீங்க பக்கத்துலயே இருந்து டாக்டரம்மாகிட்ட எல்லாம் கேட்டீங்களே, தப்பாப் போட்டா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நான் ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டதையும் பார்த்தீங்க, ஒண்ணும் சொல்லல. அப்ப சரியாத்தான் போடறேன்னு இருந்துட்டேன்." மடியிலிருந்த மருந்தைத் தொட்டுக்கொண்டார். "அன்னைக்கி அவங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிச்சிதானே?"

அறுபது பிள்ளைகள் நடுவில் ஆடியதுபோலவே நல்லமுத்து சாரின் கழுத்து தானாகவே அசைந்தது, ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

துளசியின் முகம் நேரே பார்த்தபடியே இருந்தது.

"என்னங்க? வாயத் தொறந்து சொல்லுங்க. நீங்க இருக்கற பக்கம் எனக்குத் தெரியல."

அவர் இரண்டு கைகளாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டார்.

"புரியல துளசி" என்றார். "எனக்கும் ஒண்ணும் புரியல."

துளசி உடம்போடு திரும்பி, இடது கண்ணுக்குள் அவர் முகம் வரும்வரை திரும்பி, அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார். "உங்களுக்கே புரியலன்னு தெரிஞ்சிருந்தா, நான் கேட்டிருப்பேனே."